பொட்டு வைத்த லேப்டாப்

பதினோரு மணிக்கு வெற்றிச்செல்வி பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சென்னையில் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனி, பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் தேடிக் கூப்பிட்டிருந்தது. இருபது நிமிஷம் நடத்தணும், எழுதிக் காட்டணும், செல்போன் ஆகாது, லேப்டாப்தான் வேணும், ஒரு தடவை தவறினால் மறுபடி நேரம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மகள் பிறந்தபோது பெரம்பலூர்ப் பள்ளிக்கூட வேலையை விட்டவள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. ரெட்டிபாளையத்திலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போய் வருகிற பிழைப்புக்கு இனித் திரும்ப முடியாது. இது கிடைத்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே மறுபடி டீச்சர்.

ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை பட்டியல் வெறுமையாகக் கிடந்தது. இந்த வீட்டுப் பெயர் இல்லை. எப்போதும் கூடவே எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுப் பெயரும் இல்லை.

"ஏங்க, நெட்டு வரலங்க."

உத்திராபதி சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். மனைவியின் பரீட்சைக்காக இன்றைக்கு லீவு. இதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ரௌட்டரை அணைத்தான், முப்பது எண்ணினான், போட்டான். லேப்டாப்பையும் அணைத்துப் போட்டான். அப்படியும் ஒன்றுமில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டருக்கு நேரெதிரே, பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார வைப்பதுபோல் வைத்தான். ரெண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. அவன் சட்டைப் பையில் இருந்த போனில் மட்டும் வைஃபை ஜோராக ஓடியது. நெட் கொடுத்த கம்பெனிக்கு அடித்துச் சத்தம் போட்டான். உங்க லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

"முந்தாநேத்து பூஜையில வெச்சு எடுத்த பொருளு, அதுக்குள்ள கெட்டுப்போவுமா?" என்றான், லேப்டாப்பைப் பார்த்தே.

ஆயுதபூஜைக்கு அவன் கைவைக்காத பொருள் வீட்டில் கிடையாது. ஆலையில் மோட்டார் மோட்டாராகப் பொட்டு வைத்துப் பழகிய விரல். பைக், மிக்ஸி, கிரைண்டர், கட்டிங் பிளேயர், லேப்டாப் எல்லாவற்றையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தான். லேப்டாப்புக்கு மட்டும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மூன்று பொட்டு: மூடியில் ஒன்று, முன் விளிம்பில் ஒன்று, திறந்தால் திரைக்கு மேலே நெற்றிக்கு வைப்பதுபோல் ஒன்று. நேற்று விஜயதசமிக்கு விருந்தாளிகள் வந்ததில் யாரும் அதைத் திறக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு வெற்றிச்செல்வி அரியலூருக்குப் போன் போட்டாள். பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கும் கவியாவின் கடையில்தான் இதை வாங்கியது. கவியா பதறவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொன்னாள். அதுவும் பட்டியலில் வரவில்லை.

"அப்ப வூட்டு ரௌட்டர் மேல குத்தமில்லக்கா. லேப்டாப்புதான் கண்ண மூடிக்கிட்டு இருக்கு. அது பழைய மாடலு. முன் விளிம்புல, கை வெக்கிற எடத்துக்குக் கீழ, நகத்தளவு ஒரு தள்ளு சுவிட்சு இருக்கும், பாருங்க."

வெற்றிச்செல்வி குனிந்து பார்த்தாள். "சுவிட்ச் எதுவும் இல்லம்மா. அந்த எடத்துல சந்தனப் பொட்டுதான் இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம். வருஷா வருஷம் ஆயுதபூஜை முடிந்தால் கடைக்கு இப்படிப் பத்துப் போன் வருமாம். துடைக்கிற வேகத்தில் சுவிட்ச் நகர்ந்திருக்கும், அதன்மேல் பொட்டும் விழுந்திருக்கும், தொடச்சிட்டுத் தள்ளுங்க என்றாள்.

உத்திராபதி குறுக்கே கையை நீட்டினான். "நல்ல காரியத்துக்குப் போறப்ப பூஜைப் பொட்ட அழிக்கிறதா? சாயங்காலம் அழிச்சிக்கலாம்."

"சாயங்காலம் யாருக்குங்க பாடம் நடத்துறது, உங்களுக்கா?"

அவன் கையைச் சுருட்டிக்கொண்டான். அவள் ஹேர்ப்பின்னால் காய்ந்த சந்தனத்தைக் கிள்ளி எடுத்துச் சுவரில் இருந்த சரஸ்வதி படத்தின் காலடியில் ஒட்டினாள். சுவிட்சைத் தள்ளினாள். பட்டியலில் பக்கத்து வீடு முதலில் வந்தது. அடுத்து இவர்கள் வீடு. மணி பத்து ஐம்பது.

சரியாகப் பதினோரு மணிக்கு ஜெயலட்சுமி என்ற அம்மாள் திரையில் வந்து வணக்கம் சொன்னார். வெற்றிச்செல்வியும் கைகூப்பினாள்.

"குரல் நல்லா கேக்குது. ஆனா உங்க முகம் தெரியலையேம்மா. ஒரே இருட்டா இருக்கு."

கேமரா, கேமரா என்று வெற்றிச்செல்வியின் விரல் திரையெல்லாம் தேடியது. உத்திராபதிக்குத்தான் முதலில் புரிந்தது. கதவோரம் நின்றவன் ஒரே எட்டில் வந்து, துண்டு முனையை எச்சில் தொட்டு, திரைக்கு மேலே இருந்த நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தான். பூஜை நினைப்பே அவனுக்கு வரவில்லை. இருட்டு விலகியதும் சென்னைக்கு முதலில் தெரிந்தது, மீசையும் துண்டுமாக அவன் முகம்தான்.

"வணக்கம் சார். டீச்சர் எங்க?"

அவன் அப்படியே தரையோடு உட்கார்ந்துவிட்டான். வெற்றிச்செல்வி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயம் போன இடம் தெரியவில்லை. மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஆரம்பத்தை விட்டுவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், கேமரா மேல சந்தனப் பொட்டு. நம்ம கணக்கையும் அதுலயே ஆரம்பிச்சிடுவோம். ரெண்டு சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு பொட்டு, கேமராவ முழுசா மறைச்சிடுச்சு. அந்தப் பொட்டோட பரப்பு என்ன? இந்த மூடி நெடுக ஒண்ண ஒண்ணு தொடுற மாதிரி வெச்சா எத்தன பொட்டு பிடிக்கும்? நடுவுல எவ்வளவு எடம் மிஞ்சும்?"

நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டிக்கொண்டே போனாள். இருபது நிமிஷம் என்றது முப்பத்தஞ்சு ஆயிற்று. நடுவில் நிறுத்தச் சொல்ல ஜெயலட்சுமி மறந்துவிட்டார். மிஞ்சும் இடத்தை அவரே ஒரு தாளில் போட்டுப் பார்த்து, விடை சரியா என்று கேட்டார். கடைசியில், திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி வகுப்பு உங்களுக்கு என்றார்.

லேப்டாப்பை மூடினாள். உத்திராபதி தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். கவியாவுக்குப் போன் பண்ணிச் சொல்லணும் என்றான், வாசல்வரை போனான், திரும்பி வந்தான்.

"ஏன் செல்வி, அடுத்த வருசம் பொட்டு..."

"மூடியில மட்டும்."