செபரேட்டட் என்று தட்டிய விரல்

நம் குழுவில் எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்கள் காலையில் நாலடி நடந்தீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வக்கீல் ஆபீசில் முப்பத்தொரு வருடம் டைப் அடித்தவள் நான். அதனால் வீட்டில் இங்கிலீஷ் என்றாலே என் தலையில்தான் விழும். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வெல்டர். நாலு வருடமாகக் கடல் தாண்டி இருக்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள இப்போதுதான் வழி பிறந்தது. என் மகள் பெட்டியே கட்டிவிட்டாள்.

விசா விண்ணப்பத்தில், கணவனும் மனைவியும் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"லிவிங் அபார்ட்னு போடும்மா. வேற வேற ஊர்லதானே இருக்கோம்" என்றாள் மகள்.

"போடி, அது சின்னப்புள்ள இங்கிலீஷ். ஆபீஸ் பேப்பருக்கு செபரேட்டட்தான் எடுப்பு. எத்தனை ஆயிரம் தடவை அடிச்சிருக்கேன்!"

அடித்தேன், வாஸ்தவம். எழுத்தைப் பார்ப்பேனே தவிர அர்த்தத்தைப் பார்க்க மாட்டேன். என் வேகமே அதில்தான். அதெல்லாம் விவாகரத்து மனுக்கள் என்று அப்போது உறைக்கவில்லை.

விசா ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண் காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். "அபார்ட்னா தூரமா இருக்கீங்க, அவ்வளவுதான். செபரேட்டட்னா உறவு முறிஞ்சு பிரிஞ்சாச்சுன்னு அர்த்தம். பிரிஞ்சவங்களுக்கு எப்படிம்மா அனுமதி? இனிமே ஒரு வருஷம் கழிச்சுதான் மறுபடி விண்ணப்பிக்கலாம்."

"தப்பு என்னோடதும்மா, டைப் அடிச்சது நான்."

"கையெழுத்து அவங்களோடதாச்சே."

அழைப்பவர் அவர் என்பதால் அதன் நகல் மாப்பிள்ளைக்கும் போயிருக்கிறது. மறுநாள் போன்.

"அத்தை, நாலு வருஷமா காக்க வெச்சுட்டேன். அவளுக்கு அலுத்துப் போச்சா? நேர்ல சொல்ல முடியாமதான் பேப்பர்ல எழுதினாளா?"

"ஐயோ மாப்பிள்ளை, அது இந்தப் பாழாப்போன கை செஞ்ச வேலை!"

"மகளுக்காக அம்மா பழி ஏத்துக்கறது ஊர்ல நடக்கறதுதானே, அத்தை."

மகள் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டார். அதன்பின் ஆறு நாளாக மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. மகள் கட்டிய பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. நான் இருக்கும் அறைக்கு அடுத்த அறைதான், எட்டடி தூரம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் காகிதத்தால் வந்த சந்தேகத்தைத் தீர்த்து வைத்ததுண்டா? எப்படி என்று எழுதுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.