மேனேஜருக்கு ஊற்றிய மருந்து

புத்தகம் பைண்டிங் செய்யும் கூடத்திலிருந்து மூத்தவள் வீடு திரும்பினால் வாசலுக்கு வந்து நிற்பது புருஷனல்ல, பூனைதான். அவள் பையிலிருந்து இறக்கிவைக்கும் சாப்பாட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே நகரும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவள் இளையவள், அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. இரண்டு மருமகள்கள் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலையில் இளையவள் தன் கைக்குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு.

"மேனேஜர் மேல இருக்கிற தெள்ளுப்பூச்சிதான்க்கா. புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல."

"கூடத்துல வேலை கழுத்தை நெரிக்குது. நீயே பாத்து ஏதாவது பண்ணேன்" என்று சொல்லிவிட்டு மூத்தவள் செருப்பை மாட்டினாள்.

சாயங்காலம் வாசலில் பூனை இல்லை. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. காது துடித்தது, தோல் அலையலையாக நடுங்கியது, வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தொட்டதும் நான்கு கால்களும் வெட்டி இழுத்தன.

"மருந்துதான்க்கா போட்டேன்" என்றாள் இளையவள். அவள் முகம் வெளுத்திருந்தது. "மதியம் கழுத்துல ஊத்தினேன். நல்லாத்தான் இருந்துச்சு."

பூனையைத் துண்டில் சுற்றி இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். குழந்தையும் மடியில். மருத்துவமனையில் டாக்டரம்மா இளையவள் கொண்டுவந்திருந்த மருந்து டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது நாய்க்குப் போடுற மருந்தும்மா. நாய்க்கு ஒண்ணும் செய்யாது. பூனை உடம்புக்கு இதை முறிக்கிற சக்தி கிடையாது. நேரா நரம்பைத் தாக்கும்."

"மாத்து மருந்து இருக்குமே டாக்டர்?" என்றாள் மூத்தவள்.

"தனியா ஒண்ணும் இல்ல. கழுவுவோம், வலிப்பை அடக்குவோம். அதுக்கப்புறம் அது பாடு."

பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவினார்கள். மூத்தவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நனைந்ததும் பூனை பாதியாகச் சுருங்கிவிட்டது. ஊசி போட்டதும் நடுக்கம் கொஞ்சம் அடங்கும். பிறகு மறுபடி வெட்டும். மேசை மேலிருந்த டப்பா அவள் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு நாய்ப் படம்.

"படத்தைப் பாத்துமா ஊத்தின?"

"கடைக்காரர் பூனைக்கும் ஆகும்னாருக்கா. பாதி ஊத்தினா போதும்னார்."

"கண்ணு அவிஞ்சா போச்சு? புள்ளயப் பூச்சி கடிச்சுதுன்னு வேணும்னே தீத்துக்கட்டிட்ட!"

இளையவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விடிவதற்குள் மேனேஜர் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்தது. பரிமாறும் கரண்டிகூடச் சத்தமில்லாமல் இறங்கியது. ஒருவாரம் போனதும் கொழுந்தன் புது அடுப்பு ஒன்றை வாங்கிவந்து தங்கள் அறை மூலையில் வைத்தான். அண்ணன் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான்.

மூத்தவளுக்கு மனசு அரித்தது. உண்மை தெரிந்தாக வேண்டும் என்று ஒரு மதியம் கூடத்தில் அனுமதி கேட்டு நேராக இளையவள் மருந்து வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்காரர் தீவனப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து வேணும்."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். அதே டப்பா.

"நாய்ப் படம் போட்டிருக்கே?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பூனைன்னா பாதி ஊத்துங்க."

"என் பூனை இதுலதான் செத்துச்சு" என்று அவள் சொன்னபோது குரல் கடை வாசலைக்கூடத் தாண்டவில்லை. "எல்லாரும் வாங்குறதுதான்" என்று முனகியபடி அவர் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக இளையவளின் அறைக்குப் போனாள். அவள் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு வீடு பார்த்தாயிற்று என்பது அப்போதுதான் மூத்தவளுக்குத் தெரிந்தது.

"கடைக்குப் போயிருந்தேன். எனக்கும் அதையேதான் எடுத்துக் குடுத்தான். உம்மேல தப்பில்ல. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

இளையவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு நான் சொன்னதும் அதேதானேக்கா. நான் சொன்னப்ப பொய். கடைக்காரன் சொன்னா நெசமா?"

மூத்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். இளையவள் தடுக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

மாதக் கடைசியில் அவர்கள் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். வழியில் எதிர்ப்பட்டால் இளையவள் நின்று, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்பாள். "இருக்கேன்மா" என்பாள் மூத்தவள். அதோடு இருவரும் அவரவர் வழியில் நடப்பார்கள்.