காப்பிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

"ராத்திரி எட்டு மணிக்குக் காப்பிக்கு வாங்க" என்றால், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வா என்று அர்த்தம். ஹேக் நகரத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பாரிஸ்காரருக்குத் தெரிய வேண்டுமே!

லாஃபோன் பூங்கொத்தும் பசியுமாக வந்து உட்கார்ந்தார். ட்ரூஸ் வழக்கம்போல ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டிவிட்டு டப்பாவை மூடினாள்.

அவள் கணவன் வீபே வெளியுறவுத் துறை அதிகாரி. உலகப் போர் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்து ஆறு நாடுகளுக்கும் ஒரே சந்தை, நடுவில் சுங்கவரி கூடாது என்ற யோசனைக்காக மாதக்கணக்கில் நாயாய் அலைந்தவன் அவன். மற்ற நாடுகள் தலையாட்டிவிட்டன. பிரெஞ்சுப் பிரதிநிதி லாஃபோன் மட்டும் "பிரான்ஸ் சம்மதிக்காது" என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். நாளைக் கூட்டத்திலும் அதையே சொன்னால் அத்தனை உழைப்பும் பாழ். அதற்காகத்தான் இந்தக் காப்பி.

வீபே மழையைப் பற்றியே சுற்றிச்சுற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது விருந்தாளியின் வயிறு கடமுடவென்று இரைந்தது.

மனதில் பட்டதை விழுங்கத் தெரியாதவள் ட்ரூஸ். "ஏன், நீங்க இன்னும் சாப்பிடலையா?"

வீபேவுக்கு உயிரே போய்விட்டது.

லாஃபோனுக்குக் காது சிவந்தது. "விருந்துன்னு நெனச்சு மத்தியானமே சரியா சாப்பிடலம்மா."

"அட கடவுளே! வாயத் திறந்து சொன்னா என்னவாம்? எந்திரிங்க, அடுப்படிக்கு வாங்க."

நேற்று வைத்த பட்டாணி சூப் கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. லாஃபோன் இரண்டு தட்டு காலி செய்தார். பிறகு ட்ரூஸ் பட்டென்று கேட்டாள்: "இவரு திட்டத்துல உங்களுக்கு என்னதான் பிடிக்கல?"

"ட்ரூஸ்!" வீபே பல்லைக் கடித்தான்.

"பிடிக்காம இல்லம்மா. பயம்." லாஃபோன் கரண்டியைக் கீழே வைத்தார். "வரிய ஒரேயடியா எடுத்தா ஜெர்மன்காரன் சரக்கு வந்து குவிஞ்சிடும். எங்க ஆலைங்க தாங்காது. பத்து வருஷத்துல கொஞ்சங்கொஞ்சமா எடுத்தா சமாளிச்சுக்குவோம். ஆனா பிரான்ஸ் பயப்படுதுன்னு சபையில எந்த வாயால சொல்றது?"

"அவ்வளவுதானா!" வீபே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "நீங்க சொல்லவே வேண்டாம். எங்க ஆலைங்களுக்குப் பத்து வருஷம் அவகாசம் வேணும்னு நாளைக்கு நானே கெஞ்சறேன். எங்கள மாதிரி சின்ன நாடு பயந்தா யாரு சிரிக்கப் போறா? நீங்க பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாப் போதும்."

"எங்க ஆலைங்களுக்கு என்ன கேடு?" என்றாள் ட்ரூஸ்.

"சும்மா இரு தாயே!"

லாஃபோன் அவனையே பார்த்தார். கூட்டம் தொடங்கிய இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"உடனே ஒத்துக்க மாட்டேன். மொதல்ல உங்களக் கொஞ்சம் திட்டுவேன். இல்லேன்னா எங்காளுங்க நம்ப மாட்டாங்க."

"தாராளமாத் திட்டுங்க," என்றான் வீபே.