ஊசித் துவக்கின் அடித்தட்டு

நெடுங்கேணியில் 'சுடலைமுத்து லேத்' என்றால் தெரியாதவர்கள் இல்லை. என் பட்டறைக்கு உழவு இயந்திரம் வரும், தண்ணீர்ப் பம்பி வரும், ஒருமுறை கோயில் மணிகூட வந்தது. துவக்கு வந்தது போன மாசியில்தான் முதல் தடவை. கொண்டுவந்தவர் யானைகளைப் பார்க்கும் மிருக வைத்தியர் பிரேமிளா. கூடவே, துவக்கை விட்டு ஓரடியும் நகரக்கூடாது என்ற கட்டளையோடு நிரஞ்சன் என்ற வனவிலங்கு அதிகாரி.

யானைக்கு மயக்க ஊசி அடிக்கிற துவக்கு அது. போல்ட்டை இழுத்து வெறுந்தோட்டா போட்டுச் சுடவேண்டும். மேலே பூட்டியிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப் ஆடியது. இரண்டு ஊசி குறி தப்பிவிட்டதாம், இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கிறதாம். கொழும்புக்கு அனுப்பினால் திரும்பிவர ஒரு மாதம் ஆகும், யானைக்கு அவ்வளவு நாள் இல்லை என்றார் டொக்டர். முன்னங்காலில் சுருக்குக் கம்பி இறுகி, புண் அழுகி, குளக்கரையை விட்டு நகராமல் நிற்கிறது.

அந்தச் சுருக்கு என்னுடையது.

மறைத்து என்ன செய்ய? காட்டோரம் போட்டிருந்த அரை ஏக்கர் கச்சான் கடலையைப் பன்றி கிண்டிவிட்டுப் போன ஆத்திரத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் கம்பியைக் கட்டிய கட்டையும் இல்லை, கம்பியும் இல்லை, மண்ணில் சுளகு அளவு யானைக் காலடி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடம் சுருக்கு வைத்துப் பிடிபட்ட ஒருவர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்தார். எனக்கும் அப்படி நடந்தால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். என் மனைவி சிவலட்சுமிக்கு எல்லாம் தெரியும். டொக்டருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"வேலையைச் செய்து குடுங்கோ. வாயை மட்டும் திறக்காதேங்கோ."

ஸ்கோப்பைக் கழற்றினேன். அது உட்காரும் அடித்தட்டுக்குக் கீழே யாரோ ஒரு மகாராசா சோடா டின்னை வெட்டிச் செருகியிருந்தார். வந்த கோபத்தில் அந்தத் தகரத்தை நிரஞ்சனின் காலடியிலேயே எறிந்தேன். அவர் பாவம், தான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினார். தகரத்தை எடுத்ததும் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. துவக்கின் முதுகும் தட்டின் அடிப்பக்கமும் பொருந்தவில்லை. முன்பக்கம் ஒட்டி உட்கார்ந்தது, பின்பக்கம் நகம் போகிற அளவு இடைவெளி. அதை அப்படியே திருகாணியால் இறுக்கினால் தட்டு வளைந்துகொடுக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு சூட்டில் குறி ஒரு முழம் விலகிப்போகும்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. இறுக்கிக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊசி தவறும், யானை சாகும், என் கம்பியும் அதோடு மண்ணுக்குள் போகும். திருகாணிச் சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நல்லவன் என்பதால் அதைச் செய்யாமல் விடவில்லை. அரைகுறை வேலையை என் பட்டறையிலிருந்து வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது. அவ்வளவுதான்.

துவக்கின் முதுகில் பசை பிடிக்காதிருக்கச் சப்பாத்துப் பொலிஷ் பூசினேன். திருகாணித் துளைகளில் சவர்க்காரம் அடைத்தேன். இரண்டு டியூப்பில் வரும் எப்பொக்சிப் பசையைக் கலந்து தட்டின் அடியில் தடவி, மெதுவாக உட்கார வைத்தேன். முன் திருகாணியை மட்டும் பிடிப்பித்து, பின்னதைத் தொட்டும் தொடாமலும் விட்டேன். இடைவெளியைப் பசை நிரப்பிக்கொண்டால் தட்டு வளையத் தேவையில்லை. துவக்கை மணல் மூட்டையில் கிடத்தி, நாளை வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்றேன். நிரஞ்சன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார்.

அடுத்த நாள் பசை கல்லாகியிருந்தது. திருகாணிகளை முறையாக முடுக்கி ஸ்கோப்பைப் பூட்டினேன். பின்வளவில் உரப்பையைத் தொங்கவிட்டு, முப்பது மீற்றரிலிருந்து டொக்டர் வெற்று ஊசி மூன்று அடித்துப் பார்த்தார். மூன்றும் உள்ளங்கை அளவு இடத்துக்குள் இறங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது. பயமும் அதே அளவு இருந்தது.

ஜீப்பில் ஏறப்போன டொக்டர் திரும்பி வந்து, போனில் ஒரு படம் காட்டினார். வீங்கிய கால், சேறு, சதைக்குள் புதைந்த கம்பியில் ஒரு விரல் நீளம். மயக்கம் அரை மணித்தியாலம்தான் தாங்குமாம். அதற்குள் கம்பியை எடுக்காவிட்டால் இன்னொரு தடவைக்கு மயக்க மருந்தும் இல்லை, யானையின் உடம்பில் பலமும் இல்லை. கையிலிருந்த கட்டரை நீட்டினார். இரும்போடு பழகுகிறவன் என்றுதான் என்னிடம் கேட்டார்.

"முத்தண்ணை, இது இந்தக் கம்பியை வெட்டுமோ?"

சிவலட்சுமி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் தப்பிவிடுவேன்.

"வெட்டாது டொக்டர். உது ட்ரக்டர் கிளச் கேபிள். வெட்டப் போனால் நேரம்தான் போகும். காலுக்குப் பின்பக்கம் சதைக்குள்ள ஒரு கிளிப் இருக்கும், அதில ரெண்டு நட். அதைக் கழட்டினால் சுருக்கு விட்டிடும்."

"படத்தில அது தெரியேல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் பூட்டினனான்."

நிரஞ்சன் ஜீப்பிலிருந்து இறங்கினார். டொக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். டொக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"எத்தினையாம் நம்பர் நட்?"

"பத்து."

"ஸ்பனரை எடுத்துக்கொண்டு ஏறுங்கோ. யானை எழும்பி நடக்கட்டும், அதுக்குப் பிறகு பொலிசுக்குப் போவம்."