மீதி இருபத்து மூன்று பேர்

ஸ்காரோபி நகராட்சியில் குழந்தைகள், குடும்பநலத் துறைக்கென்று ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஒன்பது கவுன்சிலர்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடி, துறை எப்படி நடக்கிறது, பணம் எங்கே போகிறது என்று கேட்பார்கள். கேட்க மட்டும்தான் முடியும், உத்தரவு போட முடியாது. அவர்கள் பேசுவதைக் குறிப்பெடுப்பது பத்தொன்பது வருஷமாக என் வேலை. தூங்காமல் இருப்பதே அதில் பாதி.

அந்த நவம்பரில் புதிதாகச் சேர்ந்தவர் நோரீன் பிக்கர்ஸ்கில். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவர். இடைத்தேர்தலில் முப்பத்தோரு ஓட்டில் ஜெயித்து வந்திருந்தார். துறையின் அறிக்கை நூற்று நாற்பது பக்கம். இலக்கை எட்டிய வரிகளுக்குப் பச்சை, எட்டாதவற்றுக்குச் சிவப்பு. மற்றவர்கள் சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு பிஸ்கட் தட்டை நகர்த்துவார்கள். நோரீன் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார்.

"எண்பத்தேழாம் பக்கம்," என்றார். "பெத்தவங்ககிட்ட இருக்க முடியாம நம்ம பொறுப்புல இருக்கிற பிள்ளைங்க. அண்ணன் தங்கச்சிகளப் பிரிக்காம ஒரே வீட்டுல வெச்சது நூத்துக்கு அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கு."

"பச்சைதானே அது," என்றார் தலைவர் கிளைவ் ஆர்க்ரைட். பழைய வங்கி மேலாளர். தெருவிளக்கு எரிவதே அவருக்கு வீண்செலவாகத் தெரியும். "இலக்கே அறுபதுதான். தாண்டிட்டாங்க."

"அது சரிங்க தலைவரே. மீதி யாரு?"

துறை இயக்குநர் ஹிலரி டிரான்மர் காகிதத்தைப் புரட்டாமலே சொன்னார். "இருபத்து மூணு பிள்ளைங்க."

"ஏன் பிரிச்சீங்க?"

"வளர்க்கிற வீடுங்கள்ல படுக்கையறை பத்தல."

"அறை இருந்தா வெச்சுக்குவீங்களான்னு அந்த வீட்டுக்காரங்கள்ட்ட கேட்டீங்களா கண்ணு?"

ஹிலரி கண்ணாடியைக் கழற்றினார். களைத்த முகம், ஆனால் நேர்மையான முகம். "இல்ல. கேக்கல."

'பரிசீலிக்கிறோம்', 'கவனத்தில் கொள்கிறோம்' என்று ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். 'கேட்கவில்லை' என்று அன்றுதான் முதன்முறையாக எழுதினேன்.

கடிதம் அனுப்பலாம் என்றார் ஒருவர். நோரீன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிட்டு மறந்துடுவாங்க. நாமளே போவோம். ஆளுக்கு ரெண்டு வீடு." தலைவரைப் பார்த்தார். "நீங்க என்கூட வாங்க. செலவு அதிகமாயிடாமப் பாத்துக்குங்க."

இப்படித்தான் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பஸ் டிரைவர் டெஸ்மண்ட் பிரெய்த்வெயிட், அவர் மனைவி லோர்னா இருவரின் வீட்டில் நோரீன், தலைவர், குறிப்பெடுக்க நான் என மூவரும் நின்றோம். நகராட்சி அவர்களிடம் வளர்க்க விட்டிருந்த பிள்ளை கெசையா, ஒன்பது வயது. அவளுடைய தம்பிகள் மைக்காவும் ஜோயலும் நாலு வயது இரட்டையர். ஒரு மணி நேரத் தூரத்தில், தனியார் நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்த வேறொரு வீட்டில் தற்காலிகமாக இருந்தார்கள். மாதம் ஒருமுறை, ஓர் அலுவலக அறையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள்.

"அவனுங்களையும் வெச்சுக்கணும்னு எங்களுக்கு ஆசைதான்," என்றார் லோர்னா. "எங்க படுக்க வைக்கிறது? குளிக்கிற தொட்டியிலயா?"

"மேல பரண் இருக்கு," என்றாள் கெசையா. "பெரிசு. நான் ஏறிப் பாத்திருக்கேன்."

"எப்போ ஏறினே?" என்று டெஸ்மண்ட் திடுக்கிட்டுக் கேட்டார்.

அவள் ஏணியை இழுத்தாள். ஆர்க்ரைட் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு ஏறினார். மேலே தடதடவென்று சத்தம். பிறகு அமைதி.

"தலைவரே, உயிரோட இருக்கீங்களா?" என்றார் நோரீன்.

"படுத்துப் பாக்கறேன்," என்று குரல் வந்தது. "என் நீளத்துக்கு ரெண்டு கட்டில் தாராளமாப் போகும். கூரைக்கு ஒரு ஜன்னல் வெக்கணும்."

இறங்கி வந்தபோது குளிருக்காகக் கூரையில் அடைத்திருந்த பஞ்சு அவர் வழுக்கைத் தலை முழுக்க மஞ்சளாக ஒட்டியிருந்தது. கெசையா அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாயிற்று என்று லோர்னா சமையலறையில் மெதுவாகச் சொன்னார். ஆர்க்ரைட் திரும்பும் வழியெல்லாம் காரில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பஞ்சைக்கூடத் தட்டவில்லை.

ஒன்பது வீடுகள் சரி என்றன. அதில் நாலு வீடுகளுக்கு மேலே அறை கட்டவோ பக்கத்தில் இழுத்துக் கட்டவோ வேண்டும். நிதி உறுப்பினர் கார்டன் லம் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்.

"உங்க குழுவுக்குக் கேள்வி கேக்கத்தான் உரிமை, செலவு பண்ண இல்ல," என்றார். "அடுத்தவங்க வீட்டுக்கு மாடி கட்டுறது நகராட்சி வேலையா?"

நோரீன் வாய் திறக்குமுன் ஆர்க்ரைட் எழுந்தார். "கேள்விதானே? கேக்கறேன். அந்த இரட்டைப் பசங்களுக்காகத் தனியார் நிறுவனத்துக்கு வாரம் எவ்வளவு கட்டுறோம்?"

"ரெண்டாயிரம் பவுண்டு," என்றார் ஹிலரி.

"பிரெய்த்வெயிட் வீட்டுல நம்ம சொந்த ஏற்பாட்டுல இருந்தா?"

"தொள்ளாயிரம்."

"பரண் வேலைக்கு நாப்பத்தஞ்சாயிரம். பத்து மாசத்துல போட்ட காசு திரும்பிடுது. பசங்களுக்கு நாலு வயசு. பதினெட்டு வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க கார்டன். நான் போட்டேன், ராத்திரி தூக்கம் வரல."

லம் தன் கைபேசியில் தட்டினார். மறுபடி தட்டினார். "இத முன்னாடியே ஏன் யாரும் சொல்லல?" என்றார் எரிச்சலாக.

"யாரும் கேக்கல," என்றார் நோரீன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கடைசியில் லம்மும் சிரித்துவிட்டார். நாலு வீடுகளுக்கும் அனுமதி கிடைத்தது. சமூகப் பணியாளர்கள் மாறி மாறி வந்து பார்த்தார்கள். தச்சர்கள் வந்தார்கள், ஜன்னல் தவறான அளவில் வந்தது, திரும்பிப் போய்ச் சரியான அளவில் வந்தது. இரட்டையர் மூன்று வார இறுதிகள் வந்து தங்கிப் பழகினார்கள்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிரந்தரமாக வந்தார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. நோரீன் என்னையும் ஆர்க்ரைட்டையும் விடவில்லை. டெஸ்மண்ட் பின்கட்டில் மிளகாய் தடவிய கோழியைச் சுட்டுக்கொண்டிருந்தார். நோரீன் அறுபது பேருக்குச் செய்யும் பழக்கத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய ஜாம் வைத்துச் சுருட்டிய இனிப்பும் ஒரு வாளி கஸ்டர்டும் கொண்டுவந்திருந்தார்.

இரட்டையரை அழைத்துவந்த ஹிலரியின் கார் நின்றது. கெசையா வாசலில் விறைப்பாக நின்றாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பெரியவள்போல வரவேற்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். மைக்கா இறங்கினான். ஜோயல் ஒற்றைச் செருப்போடு இறங்கினான். "வணக்கம், உங்க பயணம்..." என்று தொடங்கியவள், முடிக்காமல் ஓடி இருவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு புல்லில் விழுந்தாள். ஹிலரி டிரான்மர் காருக்குள் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் குனிந்திருந்தார்.

மூவரும் மாடிக்கு ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் ஏதோ உராயும் சத்தம். கெசையா தன் அறையிலிருந்து மெத்தையை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பொடியன்கள் தள்ளினார்கள்.

"உனக்குத் தனி அறை இருக்கே பாப்பா!" என்றார் ஆர்க்ரைட்.

"ஜோயலுக்கு இருட்டுன்னா பயம். மைக்கா தூக்கத்துல உருளுவான். நான் நடுவுல படுக்கணும்," என்றாள் அவள் மூச்சிரைக்க. "நீங்க சும்மா நிக்கறதுக்குக் கொஞ்சம் தள்ளுங்க."

ஆர்க்ரைட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார். மெத்தை வளைவில் சிக்கியது. மேலிருந்து ஒருத்தி இழுக்க, கீழிருந்து மூன்று பேர் முட்ட, சட்டென்று அது விடுபட்டு நால்வரும் குவியலாக விழுந்தார்கள். வீடே அதிர்ந்தது.

"சத்தம் கொஞ்சம் கம்மியா!" என்று கூப்பிட வாயெடுத்த லோர்னா, பாதியில் நிறுத்திவிட்டு, சிரித்தபடி தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.