பேசி ஒரு முடிவுக்கு வரவும்

இத்தாலிய மொழி தங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஸ்பானிஷ் பேசும் எங்கள் ரொசாரியோ ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. ஸ்பானிஷ் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டி, கையை ரெண்டு ஆட்டு ஆட்டினால் இத்தாலியன் வந்துவிடும் என்று நம்புவார்கள். கொள்ளுத்தாத்தா ஜெனோவாவில் கப்பல் ஏறியவர், எனக்கு எதற்குப் பாடம் என்பார்கள். இந்த வாய்ச்சவடால் எல்லாம் இத்தாலியன் வகுப்பின் முதல் ரெண்டு நிலைகளோடு சரி. மேல் இடைநிலைக்கு வந்துவிட்டால் பேச்சு மூச்சு இருக்காது. அரைக்கிணறு தாண்டினவன் கதைதான் அது. திரும்பவும் முடியாது, அந்தப் பக்கம் கால் வைக்கவும் எட்டாது.

தேர்வு நாளன்று இத்தாலியர் சங்கத்தின் மாடி வராந்தாவில் மிர்த்தா கலியானோ உட்கார்ந்திருந்தாள். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது, வாய்மொழித் தேர்வுதான் பாக்கி. அவள் பயம் தன்னைப் பற்றி அல்ல. வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் ஒருத்தன் சாவகாசமாக மாத்தே என்னும் கசப்புத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தானே, அவள் புருஷன் ரெமோ, அவனைப் பற்றி. வேண்டுமென்றே கோட்டை விட்டுவிடுவானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இத்தாலியில் கூனியோ பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு முதியோர் இல்லம். நர்ஸ் வேலைக்கு மிர்த்தாவையும், குழாய், விளக்கு எல்லாம் பார்த்துக்கொள்ள ரெமோவையும் அங்கிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ரெண்டு பேரும் மேல் இடைநிலை தேறினால் கீழ்த்தளத்தில் வீடு. ஒருவர்தான் தேறினார் என்றால் அவருக்கு மட்டும் வேலை, ஓர் ஒற்றை அறை. மிர்த்தா இந்த வீட்டைத்தான் நினைத்து நினைத்து, ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு வினைச்சொற்களை மனப்பாடம் செய்தாள்.

ரெமோவுக்கு அந்தப் பாடு இல்லை. வகுப்பிலேயே அவன்தான் முதல். அப்படிப்பட்டவன் கொஞ்ச நாளாகச் சின்னச் சின்னச் சொற்களுக்கெல்லாம் தடுமாறினான். ஆசிரியைகூடச் சிரித்தாள். மிர்த்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், பேர் தீனோ. ரெமோவின் தம்பி. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன், அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தான். தினம் காலையில் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது ரெமோதான். தீனோவை சாந்தா ஃபேயில் இருக்கும் ரெமோவின் அக்கா வீட்டில் விட மிர்த்தா ஏற்பாடு செய்திருந்தாள். அக்காவும் சம்மதித்துவிட்டாள். ரெமோவிடம் சொன்னபோது அவன் சரி என்று தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை.

"ஏ ஒல்லி, சொதப்பிடாதே" என்றாள்.

"இந்தா குண்டு, இதைக் குடி. மொகம் வெளுத்துப்போய்க் கெடக்கு."

மிர்த்தா குண்டு அல்ல. தொப்பை அவனுக்குத்தான். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"வேணும்னே சொதப்பினேன்னு மட்டும் தெரிஞ்சுது, உன்னைக் கொன்னுபோட்டுருவேன்."

"கொன்னுட்டு ஜெயில்ல உக்காந்து இத்தாலியன் படி. அங்கதான் நேரம் நெறைய கெடைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. மாத்தேயை வாங்கி உறிஞ்சினாள். வாய் கசந்தது.

வாய்மொழித் தேர்வை இருவர் இருவராக வைப்பார்கள். அகரவரிசைப்படி ஜோடி. உறவுக்காரர்கள் ஒன்றாகப் போகக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் எங்கள் பெண்கள் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. எலெக்ட்ரீஷியன் ரெமோ கம்பாரோ ஷாக்குக்குப் பயந்து விரலில் மோதிரம் போடுவதில்லை. ஆக, குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்? கதவைத் திறந்து கூவினான்:

"கலியானோ! கம்பாரோ!"

மிர்த்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவன் புருஷன் என்று சொன்னால் ஒருவரை அடுத்த தேர்வுக்குத் தள்ளிவிடுவார்கள். அதுவரை கூனியோக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். ரெமோவைப் பார்த்தாள். அவன் எழுந்து குடுவையை நாற்காலியில் வைத்தான். ரெண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள்போல் உள்ளே போனார்கள்.

உள்ளே இனி ஸ்பானிஷ் கூடாது. இத்தாலியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் புன்சிரிப்போடு ஓர் அட்டையை நீட்டினார். பக்கத்தில் மதிப்பெண் போடுகிறவர் தலையே தூக்கவில்லை. அட்டையில் இருந்தது: 'இருவரும் நெடுநாள் நண்பர்கள். ஒருவர் வேலைக்காக வெளிநாடு போகிறார், மற்றவரையும் அழைக்கிறார். மற்றவருக்கு வர விருப்பமில்லை. பேசி ஒரு முடிவுக்கு வரவும்.'

"நீங்க போறவர்" என்று ரெமோவைக் காட்டிவிட்டு மிர்த்தா பக்கம் திரும்பினார் அம்மாள். "நீங்க வரமாட்டேங்கறவங்க. ஆரம்பிக்கலாம்."

விதி விளையாடுகிறது என்பார்களே, அதுதான். அவள் பேச வேண்டியதை அவன் பேச வேண்டும், அவன் விழுங்கிக்கொண்டிருப்பதை அவள் பேச வேண்டும்.

ரெமோ தொண்டையைச் செருமினான். சரி, இப்போது உளறப்போகிறான் என்று மிர்த்தா விரல்களைக் கோத்துக்கொண்டாள். அவன் உளறவில்லை.

"இங்க என்ன இருக்கு உனக்கு? காலையில ஒரு வெலை, சாயங்காலம் ஒரு வெலை. இடுப்பொடிய ஒழைக்கிறே, மாசக் கடைசியில கையில என்ன நிக்குது? அங்க ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். நமக்கு வயசு ஏறுது, இப்ப போகலேன்னா எப்பவும் போக மாட்டோம்."

அத்தனையும் மிர்த்தாவின் வாய்ச்சொல். சமையலறையில் அவள் ஸ்பானிஷில் கத்தியதை அச்சுப் பிசகாமல் நல்ல இத்தாலியனில் சொன்னான். காதில் போட்டுக்கொள்ளாதவன் என்று நினைத்திருந்தாளே! அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இவன் தேறிவிடுவான்.

இப்போது அவள் முறை. இந்த ஊர் ஆறு பிடிக்கும், சிநேகிதர்களை விட முடியாது, ஞாயிற்றுக்கிழமைக் கறிவிருந்து அங்கே ஏது என்று அடுக்கினாள். சொற்கள் சப்பென்று வந்து விழுந்தன. மதிப்பெண்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் வலுவா ஏதாவது காரணம்?" என்றார் அம்மாள்.

மிர்த்தாவுக்கு வியர்த்தது. மதிப்பெண் வேண்டும், அவ்வளவுதான். கைக்கு எட்டினதை எடுத்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றாள்.

ரெமோ நிமிர்ந்தான்.

"அவனால நடக்க முடியாது. தெனமும் நான்தான் தூக்கிக் குளிப்பாட்டணும். வேற யார் கை பட்டாலும் ஒடம்பை வெறைச்சுக்குவான். தூக்கும்போது என் முதுகு படக்குனு சத்தம் போடும். அதைக் கேட்டு நான் கவலைப்படக் கூடாதுன்னு தம்பி சத்தமாப் பாடுவான். எனக்குக் கேக்கும். கேக்காத மாதிரி இருப்பேன்."

எங்கிருந்து வந்தது இவ்வளவும்? குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்ற காலைகளில் எல்லாமே பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டேதான் சாந்தா ஃபேக்கு ஏற்பாடும் செய்தாள். வெட்கத்தில் அவள் காது சூடானது. மதிப்பெண்காரர் பேனாவை எடுத்து வேகவேகமாக எழுதினார்.

இனி ரெமோ சொல்ல வேண்டும்: உன் அக்கா பார்த்துக்கொள்வாள், நீ வா. சுலபமான வாக்கியம், வாய் திறந்தால் போதும். அவன் வாய் திறக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் தப்பாகப் பேசினாலும் மன்னிப்பு உண்டு, பேசாமல் இருந்தால் கிடையாது. மிர்த்தா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"அப்ப உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றான் ரெமோ கடைசியாக. குரல் தணிந்திருந்தது. "நீ தம்பியோட இரு. நான் தனியாப் போறேன். கூப்பிட்டது என் தப்பில்ல. வராதது உன் தப்பும் இல்ல."

அம்மாள் தலையசைத்து ரசித்தார். மிர்த்தாவுக்குப் புரிந்துவிட்டது. நாடகத்தில் தம்பி உள்ளவள் அவள், வீட்டில் தம்பி உள்ளவன் அவன். நீ தனியாகப் போ, நான் தம்பியோடு இருக்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

"இரு, நான் இன்னும் முடிக்கல" என்றாள் அவசரமாக. "மனசு மாறிடுச்சு. நானும் வரேன். தம்பியை அக்கா பாத்துக்குவா. வரேன்!"

"வர மாட்டே."

"வரேன்னு சொல்றேன்ல!"

"உன்னை எனக்குத் தெரியும்" என்றான் ரெமோ. "என்னை இழக்கக் கூடாதுன்னு சொல்றே. வந்துடுவே, வந்தும் இருக்க மாட்டே. அங்க யாரு குளிக்கிற தண்ணிச் சத்தம் கேட்டாலும் உனக்கு அவன் ஞாபகம்தான் வரும். ஒரு நாள் என்னை வெறுப்பே. அதுக்கு நான் தனியாவே போறேன்."

"முடிவுக்கு வாங்க" என்றார் அம்மாள் மெதுவாக. "சம்மதமா?"

சம்மதம் என்றால் தேர்ச்சி. இல்லை என்றால் பேச்சு முடிவு இல்லாமல் நின்றதாகக் கணக்கு, ரெண்டு பேருக்குமே அடி. மிர்த்தா ரெமோவின் முகத்தையே பார்த்தாள். அதில் நடிப்பு ஒரு துளி இல்லை.

"சம்மதம்" என்றாள்.

"பிரமாதம்!" என்று அம்மாள் கையைத் தட்டினார். "எவ்வளவு இயல்பா இருந்தது! முன்னாடியே சேர்ந்து பயிற்சி பண்ணீங்களோ?"

"இல்லீங்க" என்றான் ரெமோ. "இதைப் பத்தி இன்னிக்குத்தான் பேசறோம்."

மாடிப்படியில் பாதி இறங்கியதும் மிர்த்தா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்பானிஷில் கேட்டாள்.

"நீ உள்ள சொன்னது நெசமா, ஒல்லி?"

"ஸ்பானிஷ்ல கேக்காதே குண்டு" என்றான். "ஸ்பானிஷ்ல கேட்டா, சும்மா மார்க்குக்காகச் சொன்னேன்னு சொல்லிடுவேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி பெட்டி கட்டுவோம்."

மிர்த்தாவுக்கு அந்தப் பொய் வேண்டும்போல் இருந்தது. அழுகையாக வந்தது. கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, இத்தாலியனிலேயே கேட்டாள்: என்னோடு வருவாயா?

ரெமோ இத்தாலியனில் பதில் சொன்னான். நீளமான பதில். வகுப்பே சிக்கித் தவிக்கும் வாக்கியங்கள் அவை, 'இப்படி இருந்திருந்தால் உன்னோடு வந்திருப்பேன்' என்று போகிறவை. ஒரு தப்பாவது செய்யட்டும், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.