கருப்பண்ணனுக்கு நேர்ந்த முடி

1953ஆம் ஆண்டு செப்டம்பர் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையின் ராகலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லயத்தில் வசித்த கந்தப்பன், தன் குடும்பத்துக்கு இலங்கைக் குடிமக்களாகும் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்திருந்தான். அதன் மீதான விசாரணை செவ்வாய்க்கிழமை நடைபெறவிருந்தது. குடும்பத்தினர் யாவரும் நேரில் வரவேண்டும்.

அவனுடைய மூன்று வயது மகன் மருதைக்குப் பிறந்த முடி இன்னும் இறக்கப்படவில்லை. கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தவன் பிழைத்தால், இந்தியாவில் முசிறிப் பக்கத்திலுள்ள குலதெய்வமாகிய கருப்பண்ணசாமிக்கு முடி கொடுப்பதாகத் தாய் பேச்சியம்மா நேர்ந்திருந்தாள். இப்போது அது முதுகில் பின்னலாகத் தொங்கியது.

பேச்சியம்மாவின் அண்ணன் அழகுமுத்துவின் மகனுக்கும் அதே நேர்த்தி, அதே பின்னல். போன மாதம் அவர்களுக்கு நடந்த விசாரணையில் அதிகாரி அதைக் கண்டு காரணம் கேட்டார். இந்தியாவுக்குப் போய் மொட்டை போடவேண்டும் என்று அழகுமுத்து உள்ளதைச் சொன்னான். இங்கே நிலையாக வாழும் எண்ணம் இவனுக்கில்லை என்று கூறி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

“நாளைக்கே எறக்கிருங்க, மச்சான். என் கதி ஒங்களுக்கு வேணாம்,” என்றான், தங்கை வீட்டுக்கு வந்திருந்த அழகுமுத்து.

“மாட்டேன். ஓட்டப் புடுங்குனாங்க. அரிசிய எழுபது சதமாக்குனாங்க. நம்மளக் கேட்டா செஞ்சாங்க? இப்பப் புள்ள முடியும் வேணுமாக்கும்! குடுத்தா நாளைக்கு அரணாக்கொடியக் கேப்பாங்க.”

“பிரசையா இல்லாட்டி, தோட்டத்துத் தொர வேலய நிப்பாட்டிப் பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டுனா இந்தியாவுக்குக் கப்பல்லதான் ஏறணும்.”

“பிரசையா இருந்தா வெரட்ட மாட்டாங்களா? சட்டத்த ஒருக்கா மாத்துனவுங்க திருப்பி மாத்த மாட்டாங்களா?”

“மாத்துறப்ப ஒங்களுக்கு ஓட்டு இருக்கும். எனக்கு இருக்காது.”

கந்தப்பனுக்குக் கோபம் ஏறியது.

“மொட்டத் தல வெள்ளையாப் பளபளக்கும். நேத்துச் செரச்சதுன்னு அந்தாளுக்குத் தெரியாதா? கண்ணு பொட்டையா?”

“தலையில சொறி, அதான் செரச்சோம்னு சொல்லிட்டாப் போச்சு.”

“சாமி முடியச் சொறின்னு சொல்லவா?” கந்தப்பன் எழுந்து நின்றான். அழகுமுத்துவும் எழுந்தான்.

மகனின் பின்னலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பேச்சியம்மா தலை நிமிர்ந்தாள்.

“ரெண்டு பேரும் ஒக்காருங்க. நேந்தவ நான். சாமி கோவிச்சா என்னையத்தான் கேக்கும். புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப இந்த லயத்துக் காம்பராவுல இருந்துதான கூப்புட்டேன்? முசிறி வரைக்கும் கேட்டுச்சுல்ல? முடியையும் இங்கயே வாங்கிக்கிரட்டும்.”

“ஆபீசர் கேட்டா?” என்றான் கந்தப்பன்.

“உள்ளதச் சொல்லுவேன். அங்க குடுக்குறதா நேந்தோம், நாங்க அங்க போகல, இங்க குடுத்துட்டோம்.”

“நம்பலேன்னா?”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னலை முடித்தாள்.

இறுதியில் முடிவு செய்யப்பட்டது இது. திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்தபின், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மருதைக்கு முடியிறக்கப்படும். தாய்மாமன் என்ற முறையில் அழகுமுத்து அவனை மடியில் வைத்திருப்பான். கந்தப்பன் கோயிலுக்கு வரமாட்டான், விசாரணைக்கு வருவான். விண்ணப்பம் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டுவிட்டதால், அழகுமுத்துவின் மகனுடைய பின்னல் முசிறிக்குப் போகும்வரை அப்படியே இருக்கும்.